அறுபத்தைந்தாவது டேக்

காங் ருஹியாத்தின் நான்காவது மெட்டை முதல் தடவை பதிவு செய்தபோது, பதிவு நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதன் பிறகு வந்த எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம்.

என் பெயர் ரெஸ்தி. பாண்டுங் நகரின் கிழக்கே அந்தாபானியில், வீட்டின் பின்பாதியை ஸ்டுடியோவாக வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கசீதா என்னும் இஸ்லாமியப் பக்திப் பாட்டுப் பாடும் பெண்கள், பள்ளிக்கூட கீதம் பாட வருகிறவர்கள், தொண்டை கிழியக் கத்தும் மெட்டல் குழுக்கள் என்று எல்லோரும் வருவார்கள், எல்லோரையும் பொறுத்துக்கொள்வேன். கிட்டார்காரர்கள் விஷயத்தில்தான் என் பொறுமை எப்போதோ தீர்ந்துவிட்டது. "என் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க தேஹ்" என்று அக்கா முறை வைத்துக் கேட்காத கிட்டார்காரரை நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் கிட்டார்காரர் இல்லாத சந்தும் இல்லை.

ருஹியாத் ஒரு தொழிற்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நாற்பத்தேழு வயது, அதனால் எங்களுக்குக் காங், அதாவது அண்ணன். ஊரின் கிட்டார் வட்டாரத்தில் அவர் விரலுக்குப் பெரிய பெயர். எத்தனை வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் வந்து விழும். அவருடைய குழுவில் மூன்று பேர், பாடகர் கிடையாது. பாடகர் செய்ய வேண்டிய வேலையைக் கிட்டார் செய்யும். டிரம்ஸ்காரர் தன் பகுதியை வாசித்துக் கொடுத்துவிட்டு பெகாசியில் கிடைத்த வேலைக்குப் போய்விட்டார். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெஜென் என்னோடு பள்ளியில் படித்தவன், டயர் கடை வைத்திருக்கிறான். அவனும் தன் பகுதியை முடித்துவிட்டான். ஏழு மெட்டுகளில் ஆறு முழுதாக முடிந்திருந்தன. நான்காவதில் காங் ருஹியாத் வாசிக்க வேண்டியது மட்டும் பாக்கி. ஐந்து நிமிடம், மெதுவான மெட்டு. ஒரு காலை வேலை என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் தொப்பலாக நனைந்து வந்தார். கியாராசோண்டோங் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாராம். வந்ததும் வராததுமாகத் தலைமை ஆசிரியரிடமிருந்து போன். திங்கள்கிழமை முதல் கூடுதல் வகுப்பு அவர் தலையில். போனை வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கிட்டாரை எடுத்தார். சட்டையும் ஈரம்தான்.

"சத்தம் பார்த்துக்கிறேன் காங், சும்மா வாசிங்க" என்றேன். டிரம்ஸையும் பேஸையும் அவர் ஹெட்போனில் ஓட விட்டேன். பழக்க தோஷத்தில் பதிவுப் பொத்தானையும் அழுத்தினேன். ஸ்டுடியோவின் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம், நாங்கள் இபு, அதாவது அம்மா, என்று அழைக்கும் எந்தினின் லாண்டரி.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு நிமிடம் நான் ஒலி அளவுமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மெட்டு ஏறி உச்சிக்குப் போகும். அங்கே ஒரு கம்பியை விரலால் மேலே தள்ளி, சுரத்தை இழுத்து ஏற்ற வேண்டும். அவர் தள்ளினார். சுரம் ஏறியது, ஆனால் போய்ச் சேரவில்லை. சேர வேண்டிய இடத்துக்கு ஒரு இழை கீழே நின்றுவிட்டது. டிரம்ஸ் அடுத்த அடிக்குப் போய்விட்டது, பேஸும் போய்விட்டது, இது மட்டும் வாசல் வரை வந்து உள்ளே வரலாமா என்று நிற்கிறவர் மாதிரி நின்றது. பிறகு, எல்லோரும் போன பிறகு, மெல்ல நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. நான் அளவுமானியை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன்.

அந்த இடத்திலேயே மீட்டும் வில்லை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வழக்கமாக அங்கே அவர் இருபது முப்பது சுரங்களைக் கொட்டுவார். இப்போது ஒன்றுமே வாசிக்கவில்லை. அந்த இடைவெளி அவ்வளவு நீளமாக இருந்தது. பிறகு வெறும் விரலால் மீட்டி மீதியை வாசித்தார். ஒலி உருண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுவது போல ஆகிவிட்டது. கடைசிச் சுரம் தேய்ந்துகொண்டே போகும்போது, லாண்டரியின் துணி உலர்த்தும் இயந்திரம் வேலை முடிந்தது என்று மூன்று முறை பீப் அடித்தது.

"சத்தம் சரியா இருக்கா? ஆரம்பிக்கலாமா?" என்றார் காங் ருஹியாத், குனிந்து வில்லையைத் தேடிக்கொண்டே.

"முடிஞ்சிடுச்சு காங்."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"பதிவு பண்ணிட்டேன். இதுதான். இதுக்கு மேல வேண்டாம்."

அவர் சிரித்தார். "நெங், அது கை காய வைக்கிறதுக்கு வாசிச்சது."

என்னைவிட நான்கே வயது மூத்தவர். மற்ற நேரமெல்லாம் ரெஸ்தி என்றுதான் கூப்பிடுவார். எதையாவது மறுக்கப் போகிறார் என்றால் மட்டும் குழந்தையைக் கூப்பிடுவது போல 'நெங்' வரும்.

போட்டுக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கையில் பேனா. கேட்டு முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார். ஏழு தவறுகள், நேரத்தோடு எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாக. மூன்றாவது நிமிடத்துச் சுரத்துக்குக் கீழே இரண்டு கோடு.

"இது சுருதியிலயே இல்ல. தாளத்துக்கும் பின்னாடி. அதுக்கப்புறம் வெறுமனே கிடக்குது."

"அதுதான் நல்லா இருக்கு."

"எது நல்லா இருக்கு? சுருதி தப்பினதா?"

"அது தப்பின விதம்."

"இந்தப் பதிலை என் மாணவன் பரீட்சையில எழுதினா நான் மார்க் போடமாட்டேன்" என்றார்.

கதவைச் சாத்தினோம். இரண்டாவது டேக் வாசித்தார். மூன்றாவது, நான்காவது. மதியம் இலையில் சுருட்டிய நாசி திம்பெல் சோறு வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் பதினொன்று ஆனது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுத்தம். ஒவ்வொன்றையும் கேட்டபோது, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தால் பாத்திரத்தின் பூ வேலைப்பாடு அழிந்துபோகுமே, அப்படித்தான் எனக்கு இருந்தது. ஆனால் அவரிடம் சொல்லத் தெரியவில்லை. "முதல்ல வாசிச்சதுதான் காங் நல்லா இருக்கு" என்றேன். "சும்மா இரு" என்றார். மறுபடி அதையே சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை. அதற்கு அடுத்த சனிக்கிழமை. அவர் போனில் ஒரு சுருதி பார்க்கும் கருவி இருந்தது. சுரம் சரியான இடத்தில் நின்றால் பச்சை, தப்பினால் சிவப்பு. அதை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு எல்லா டேக்கையும் கேட்பார். பச்சை எரிந்தால் தலையாட்டுவார். நான் என் காதை நம்புவதா, அந்த விளக்கை நம்புவதா என்று உட்கார்ந்திருப்பேன்.

"இதோ பார், ஒரு இடத்துலகூட சிவப்பு இல்ல."

"அப்போ அந்த விளக்குக்கே போட்டுக் காட்டுங்க. அது காசு கொடுத்து வாங்கும்."

"உனக்குத் தெரியலைன்னா கோபப்படாத, நெங்."

ஜெஜென் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து என் சோபாவில் படுத்திருப்பான். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "காங், நீங்க இந்த ஒரு பாட்டு வாசிக்கிற நேரத்துல என் மகள் குர்ஆன் கடைசிப் பாகத்தையே மனப்பாடம் பண்ணிட்டா" என்பான். காங் ருஹியாத் காதில் வாங்க மாட்டார்.

நாற்பதாவது டேக் முடிந்த அன்று, அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம் ஜெஜென் எழுந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அவருக்கு என்ன நடந்துச்சு? மழை, ரயில்வே கேட், தலைமை ஆசிரியர். கோபத்துல இருந்தாரு. அதான் அப்படி வந்துச்சு. இன்னைக்கும் கோபப்படுத்திடலாம்."

நானும் அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன். "எப்படி?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி வந்ததும் ஜெஜென் ஆரம்பித்தான். அவருடைய பைக் டயர் வழுக்கையாக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரெல்லாம் உராய்வு பற்றி வகுப்பு எடுக்கிறாரே என்றான். பிறகு, சிமாஹியில் ஒரு கிட்டார்காரர் இருக்கிறார், இந்த மெட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு 'இது என்ன, வங்கியில் வரிசையில் நிற்கும்போது போடுகிற பாட்டா' என்று கேட்டார் என்றான். அந்த கிட்டார்காரரை அவன் அந்த நிமிடம்தான் உண்டாக்கினான்.

காங் ருஹியாத்தின் காது சிவந்தது. உள்ளே போய் நாற்பத்தொன்றாவது டேக்கை வாசித்தார். கம்பி அறுந்துவிடும் போல வாசித்தார். மூன்றாவது நிமிடத்துச் சுரம் மேலே போய் நங்கென்று நின்றது, கதவை உடைத்துக்கொண்டு வந்தது போல. எனக்குக் காது வலித்தது.

"கோபம் வந்துடுச்சு" என்றான் ஜெஜென் என் காதில். "பாட்டு வரல."

ஐந்தாவது சனிக்கிழமை இபு எந்தின் லாண்டரியிலிருந்து வந்தார். அறுபதை நெருங்குகிறவர். எங்களிடம் கறாராகப் பேச அவருக்கு உரிமை உண்டு, ஏனென்றால் எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளை அவர்தான் துவைக்கிறார்.

"ரெஸ்தி, இந்த ஒரே பாட்டை எத்தனை நாளைக்கு வாசிப்பாங்க? ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பதினெட்டுச் சட்டை மடிக்கிறேன். தூக்கத்துலயும் மடிக்கிறேன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்து வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர். கிட்டார் தெரியாது, சுருதி விளக்கு தெரியாது. இவரை விட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? உட்கார வைத்தேன், தேநீர் கொடுத்தேன். காங் ருஹியாத் கை கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். முதலில் ஐம்பத்திரண்டாவது டேக்கைப் போட்டேன். இபு எந்தின் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார். பிறகு முதலாவதைப் போட்டேன். மூன்றாவது நிமிடம் வந்தபோது அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுரம் தேய்ந்தது. பீப், பீப், பீப்.

இபு எந்தின் டக்கென்று நிமிர்ந்தார்.

"அது என் மெஷின்."

"ஆமா, ஆனா பாட்டு எப்படி—"

"என் மெஷின் சத்தம்தான். பெரிய மெஷின். சின்னது ரெண்டு தடவைதான் அடிக்கும். இதைத்தான் வெளியிடணும், ரெஸ்தி. இதுல என் மெஷின் இருக்கு." எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "என் மகனுக்கு அனுப்பி வை. பாட்டாம் தீவுல இருக்கான்."

அவர் போனார். ஜெஜென் சோபாவின் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

"உன் சாட்சி" என்றார் காங் ருஹியாத்.

ஆறாவது சனிக்கிழமை அறுபத்துநான்காவது டேக்கோடு அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். முழுப் பச்சை. ஒரு கம்பி உரசல் இல்லை, ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. ஏழு மெட்டையும் கேசட்டாக வெளியிடுகிறார்கள்; அந்த நாடா அச்சடிக்கும் இடத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். முகம் மலர்ந்திருந்தது அவருக்கு. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுத்துக்கொண்டார்.

"இதை அனுப்பிடு."

"அனுப்பறேன். என் பேரை மட்டும் அட்டையில போடாதீங்க."

"என்ன?"

"மத்த ஆறு பாட்டுக்குப் போடுங்க. இதுக்கு வேண்டாம். இதை நான் பதிவு பண்ணல. நான் பொத்தான் அழுத்தினேன், அவ்வளவுதான்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் நினைத்தார். பிறகு முகம் மாறியது. "ஆறு வாரம் நான் உயிரைக் கொடுத்து வாசிச்சிருக்கேன்."

"முதல் நாள்தான் கொடுத்தீங்க. அப்புறம் ஆறு வாரமா அதைத் திருப்பி வாங்கிட்டிருக்கீங்க."

சொன்ன பிறகு நானே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று பட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. ஆறு சனிக்கிழமைகள். என் கணவர் என்னிடம் பேசுவதைவிட அதிகமாக இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டிருக்கிறேன்.

"எது நல்லா இருக்குன்னு எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புரியுற மாதிரி சொல்லு" என்றார். "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? அளந்து காட்டு."

"அளக்க முடியாது காங்."

"அளக்க முடியாததுன்னு ஒண்ணு இல்ல. அளக்கத் தெரியாததுன்னுதான் உண்டு."

இரண்டு டேக்கையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கிட்டாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல், சோபாவில் இருந்த ஜெஜெனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் வாசலில் பைக் சத்தம். பள்ளிக்கூடச் சீருடையோடேயே வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை. கையில் நோட்டுப் புத்தகம். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது.

"அளந்துட்டேன்" என்றார்.

நோட்டைத் திறந்து காட்டினார். முதல் டேக்கை வேகம் குறைத்து, ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். மூன்றாவது நிமிடத்துச் சுரம் எவ்வளவு கீழே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, நடுக்கம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை, அடுத்து வந்த மௌனம் எவ்வளவு நீளம். எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டிருந்தார். ஓரிடத்தில் சிவப்பு மையில் 'இங்கே தயங்கவும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'வில்லையை விடவும்'.

"உனக்குப் பிடிச்சது எல்லாம் இதுல இருக்கு. நான் இதை அப்படியே வாசிக்கிறேன். உன் தயக்கமும் இருக்கும், பிசிறு இருக்காது. பீப் இருக்காது. ரெண்டு பேருக்கும் சரி."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் இதற்காக மூன்று நாள் தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மைக்கை அவர் முன்னால் நிமிர்த்தி வைத்தேன். கதவைச் சாத்தினேன். நோட்டை நாற்காலியில் விரித்து வைத்துக்கொண்டு அவர் அறுபத்தைந்தாவது டேக்கை வாசித்தார்.

கணக்குப்படி வாசித்தார். ஒரு பிழை இல்லை. மூன்றாவது நிமிடத்தில் கம்பியைத் தள்ளினார், சுரம் ஒரு இழை கீழே நின்றது, சரியாக நின்றது. அவர் உதடு எண்ணுவது கண்ணாடி வழியே தெரிந்தது. நடுங்கிக்கொண்டே மேலே போனது. பிறகு விரலை விரித்து வில்லையைக் கீழே விட்டார். அது தரையில் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு துணியை மடித்துப் போட்டிருந்தார். மௌனத்தை எண்ணினார். வெறும் விரலால் மீதியை வாசித்து முடித்தார்.

இத்தனை மோசமான ஒன்றை அந்த ஆறு வாரத்தில் நான் கேட்கவில்லை. அறுபத்துநான்கிலாவது ஒரு நேர்மை இருந்தது. அது சுத்தமாக இருக்க ஆசைப்பட்டது, சுத்தமாக இருந்தது. இது, சாவு வீட்டில் தெருவில் நின்று சிரித்துப் பேசிவிட்டு, வாசலில் நுழையும்போது முகத்தை மாற்றிக்கொள்கிறவர் போல இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை.

கடைசியில் வந்தார். "ரெண்டையும் போடு" என்றார்.

போட்டேன். இந்த முறை போனை மேசையில் நிமிர்த்தி வைக்கவில்லை. அது அவர் பையிலேயே இருந்தது. முதலாவதைக் கேட்டார். அறுபத்தைந்தாவதைக் கேட்டார். மறுபடி முதலாவது. மூன்றாவது நிமிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இதுல வாசிக்கிற இவனுக்கு அது மேல போகுமான்னு தெரியல" என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"அறுபத்தஞ்சுல வாசிக்கிறவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நிக்கிறான்." விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், "அன்னைக்கு என் விரல் ஈரம், ரெஸ்தி. கம்பி வழுக்கிடும்னு பயம். தள்ளினேன், பாதியில நின்னுடுச்சு. விட்டுடலாமா, இன்னும் தள்ளலாமான்னு ஒரு நிமிஷம் எனக்கே தெரியல. தள்ளினேன். போயிடுச்சு. போனதுல எனக்கே ஒரு சந்தோஷம், அதுல வில்லையைக் கோட்டை விட்டேன்."

"அதுதான் காங் அதுல கேட்குது. முழுசா கேட்குது. ஆறு வாரமா இதைத்தான் சொல்றேன்."

"நீ இதைச் சொல்லல. நல்லா இருக்குன்னுதான் சொன்ன."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்து, யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இருபத்திரண்டு வருடம் காதை வைத்துப் பிழைக்கிறேன். கேட்டதைச் சொல்லச் சொன்னால், ஒரு மனிதர் ஆறு வாரம் கேட்டும், 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. 'அந்தச் சுரம் போய்ச் சேருமா என்று உங்களுக்கே தெரியாதது போலக் கேட்கிறது' என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பாரா என்பது வேறு.

"அப்போ அறுபத்துநாலு?" என்று கேட்டேன்.

"நல்ல வாசிப்பு" என்றார். "வகுப்புக்கு ஆகும்." நோட்டை மூடிப் பையில் வைத்தார். "முதலாவதையே அனுப்பு. உன் பேரையும் போடு. அந்த பீப்பை மட்டும் எடுத்துடு."

அது எடுக்க வருகிற பீப் இல்லை. கடைசிச் சுரத்தின் மேலேயே, ஏறத்தாழ அதே உயரத்தில் உட்கார்ந்திருந்தது. பீப்பைச் சுரண்டினால் சுரமும் கூடவே வந்தது. புதனும் வியாழனும் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். மணிக்கொரு தரம் அவர் போன் செய்தார். "போயிடுச்சா?" "இல்ல." "இப்போ?" வியாழன் சாயங்காலம், சுரத்தை முன்னாலேயே முடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அது முழுசா சாகட்டும்" என்றார். பீப்போடேயே அனுப்பினேன்.

நாடா வெளிவந்தது. அதிகம் போகவில்லை. நாலைந்து பேர் நல்லதாக எழுதினார்கள். ஒருவர் மட்டும் நான்காவது மெட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். முடிவில் வரும் அந்த மின்னணு ஒலி, இயந்திர யுகத்தில் மனிதனின் தனிமையைக் குறிக்கிறதாம். ஜெஜென் அதை உரக்கப் படித்தான். காங் ருஹியாத் தலையில் கை வைத்துக்கொண்டார். இபு எந்தின் அதை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, "மெஷினைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, சிகுத்ராவில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தார்கள். டிரம்ஸ்காரர் பெகாசியிலிருந்து வந்திருந்தார். ஒலி மேசையில் நான். நூற்றைம்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் கிட்டார்காரர்கள், கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்றார்கள். நான்காவது மெட்டு தொடங்கியதும் நாலைந்து போன்கள் உயர்ந்தன. அவர்கள் நாடாவைக் கேட்டவர்கள். அந்தத் தயக்கத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்காக அவர் மறுபடி தயங்கிக் காட்டியிருந்தால் நான் மேசையை விட்டு எழுந்து போயிருப்பேன்.

மூன்றாவது நிமிடம் வந்தது. அவர் கம்பியைத் தள்ளவே இல்லை. கை மேலே போகவே இல்லை. கீழே, மெட்டின் அடியில் இருக்கும் சாதாரணச் சுரம் ஒன்றைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக, எதிரில் இருப்பவரிடம் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது போல வாசித்தார். ஜெஜென் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு சுற்று தவறான சுரத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தான். டிரம்ஸ்காரர் தட்டுவதையே நிறுத்திவிட்டார். முன் வரிசையில் ஒருவர் போனைக் கீழே இறக்கினார். அந்தச் சுரம் எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாக எல்லா ஒலியையும் விட்டுவிட்டு அவருடையதை மட்டும் ஒரு நூல் உயர்த்தியது. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, அதை விட்டுவிட்டு மெட்டுக்குள் வந்து சேர்ந்தார், ஒரு விரல் பக்கத்துக் கம்பியில் பட்டு உரசிக்கொண்டே.

முடிந்ததும், வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒலி மேசைக்கு வந்தார். ஜெஜென் அவர் பின்னாலேயே வந்தான். "காங், அடுத்த தடவை வேற வழியில போறதா இருந்தா ஒரு கடுதாசி போடுங்க" என்றான்.

"எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

இந்த முறை யோசித்தேன். "ஒரே கேள்வியைக் கேட்டுட்டே இருந்தீங்க. பதில் வரும்னு நான் நினைச்சேன். வரல. வராமலே விட்டுட்டு வந்தீங்க. அது எனக்குப் பிடிச்சுது" என்றேன். பிறகு, என்னால் விட முடியாமல், "கடைசியில பக்கத்துக் கம்பி உரசுச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். "இருக்கட்டும்."

பசிக்கிறது என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற பாதகோர் பலகார வண்டியைத் தேடிப் போனார். வயர்களைச் சுருட்ட ஆளில்லாமல் நானும் ஜெஜெனும்தான் உட்கார்ந்து சுருட்டினோம்.